நாகையில் கப்பல் ஏறியவர்களுக்கு ஒரு கல்

ஏப்ரல் 14 நெருங்கினால் டெல்டாவில் எங்கள் தெருக்களுக்குத் தனிக் களை வந்துவிடும். நீலக் கொடிக்குக் கழி வெட்டுவார்கள். அம்பேத்கர் சிலையின் கம்பிக் கூண்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவார்கள். ஒலிபெருக்கி கட்டுவார்கள். சாயங்காலம் கூட்டம் நடக்கும். பேசுகிறவர்கள் மகத் குளத்தைச் சொல்வார்கள், பூனா ஒப்பந்தத்தைச் சொல்வார்கள், அரசியல் சட்டத்தைச் சொல்வார்கள். எல்லாம் சொல்ல வேண்டியவைதான். ஆனால் அதே தேதிக்குச் சொந்தமான இன்னொரு செய்தியை இந்த மேடைகளில் நாம் கேட்டதில்லை.

1944 ஏப்ரல் 14. மணிப்பூரில், இம்பாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், லோக்டாக் ஏரியை ஒட்டிய மொய்ராங் என்ற சிற்றூர். அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் சௌகத் அலி மாலிக் மூவண்ணக் கொடியை ஏற்றினார். நேதாஜியின் படை இந்திய மண்ணில் கொடி ஏற்றிய அந்த நாளில் அம்பேத்கருக்கு 53 வயது நிறைந்தது. அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அதாவது, நேதாஜி எந்த அரசின் மீது போர் தொடுத்தாரோ அந்த அரசில் இருந்தார்.

ஒரே தேதியில் இரண்டு பக்கம். தஞ்சைச் சீமையின் சேரிகளிலிருந்து கடல் கடந்து போன எங்கள் ஆட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

எங்கள் பாட்டிக்கு இரண்டு அண்ணன்மார். இருவரும் சிறுவயதில் பெற்றோரோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனவர்கள். இளையவர் திரும்பி வந்தார். தெருவில் அவருக்கு 'மலேயாத் தாத்தா' என்று பெயர். எழுபது வயதிலும் முதுகு வளையாமல் நடப்பார். நாங்கள் பிள்ளைகள் கூடி விளையாடினால் வரிசையில் நிற்கவைத்து, "சாவ்தான்!" என்று கத்துவார். அது இந்துஸ்தானியில் கவாத்துச் சொல் என்பது எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் அந்த மொழியில் கவாத்துச் சொற்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. மூத்தவர் திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான் என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். செத்த நாள் தெரியாது. போகிக்கு முன்னோருக்குப் படையல் போடும்போது அவருக்கும் ஒரு இலை போடுவார் பாட்டி.

ஒருவர் துப்பாக்கி தூக்கினார். இன்னொருவர் தண்டவாளக் கட்டை தூக்கினார். இரண்டும் ஒரே போருக்காக. இரண்டு பேருடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஏன் கப்பல் ஏறினார்கள்?

காவிரிப் பாசனத்தின் நெல்வயல்களில் நிலம் மிராசுதாருடையது, உழைப்பு பண்ணையாளுடையது. பண்ணையாள் என்றால் கூலிக்காரன் என்று பொருளில்லை. பட்ட கடனுக்காகக் குடும்பத்தோடு பண்ணையில் கட்டுண்டவன். தவறு செய்தால் சவுக்கடி, சாணிப்பால். குடியிருக்கும் மனைக்கட்டும் பண்ணைக்குச் சொந்தம். வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த வாழ்க்கையிலிருந்து ஓடித் தப்பிக்க இருந்த சில வழிகளில் ஒன்று நாகைத் துறைமுகம். ஆள் குறைகிறது என்று மிராசுதார்கள் அரசிடம் முறையிடும் அளவுக்கு அந்த வழியில் ஜனம் போனது.

முதலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1910இல் அந்த முறை நின்ற பிறகு கங்காணி முறை. தோட்டத்திலிருந்து வரும் கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் ஆள் சேர்ப்பார். நாகையில் முகாம், பிறகு கப்பல். 1920களின் பிற்பகுதியிலிருந்து ரஜூலா கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பல தலைமுறைகளுக்குக் கடல் கடத்தல் என்றாலே ரஜூலாதான். கூலிகளுக்கு வழிச்செலவு கொடுத்து அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை இது நடந்தது.

போன இடத்தில் சொர்க்கம் இல்லை. விடியுமுன் பிரட்டு, அப்புறம் பால்வெட்டு, மாலையில் கள்ளுக்கடை. தோட்டத்து லயங்களிலும் சாதி பார்த்துத்தான் வீடு கொடுத்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கையில் காசு வந்தது. தப்பித்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடிந்தது. சேர்ந்து நின்று கேட்க முடிந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. படையை அனுப்பி ஒடுக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போது நமக்கு மலேயா நினைவு வருவதில்லை. நம் ஊர்த்தெரு நினைவு வருகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் கடந்த தெருக்கள். அதே அவமானத்தைக் கடல் கடந்த இடத்தில் மறுத்து உயிர்விடத் துணிந்தவர்கள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரு படையில் சேர்ந்தார்கள் என்பதில் வியப்பில்லை.

துப்பாக்கி கொடுத்த மரியாதை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்களைக் கொண்டு இந்திய தேசிய ராணுவம் உருவானது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகுதான் அது போர்க்கைதிகளின் படை என்ற எல்லையைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளிக்கும் கதவு திறந்தது. அக்டோபர் 21இல் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு. அடுத்த நாள் ஜான்சி ராணிப் பெண்கள் படையின் பயிற்சி முகாம். கேப்டன் லட்சுமி தலைமை. அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும் பகுதியினர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் அதற்கு முன் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். கும்பினிப் படைகளில் ஒரு காலத்தில் பறையர்கள் நிறையவே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளையர்கள் 'போர்க்குடி' என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். இன்ன சாதிதான் சண்டை போடும், இன்ன சாதி போடாது என்று எழுதிவைத்து, தீண்டாதாரையும் தென்னாட்டாரையும் ஒதுக்கினார்கள். மகர்களுக்கு ஒரு ரெஜிமென்ட் வேண்டும் என்று அம்பேத்கர் போராடி, அது 1941இல்தான் கிடைத்தது. 1943இல் சாமர் ரெஜிமென்ட் உருவானது. கோகிமாவில் பிரிட்டிஷ் பக்கம் நின்று போரிட்டது. 1946இல் அதைக் கலைத்துவிட்டார்கள். உலகப் போரின் நெருக்கடி வந்தபோதுதான் தலித்தின் கைக்குத் துப்பாக்கி வந்தது. நெருக்கடி போனதும் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ற சமையல் தனித்தனியாக நடப்பது வழக்கம். நேதாஜியின் படையில் அந்தப் பிரிவினையை ஒழித்தார்கள். மலேயாத் தாத்தா போரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. சமையலைப் பற்றித்தான் பேசுவார்.

"ஒரே சட்டிடா தம்பி. பஞ்சாபியும் தின்னான், மலையாளத்தானும் தின்னான், நம்ம ஊருப் பெரிய தெரு ஆளும் தின்னான். நான் ஆக்கிப் போட்டுத் தின்னான்."

ஊர் திரும்பிய பிறகு, இதே கீழத்தஞ்சையில், டீக்கடையில் அவருக்குக் கொட்டாங்கச்சியில் டீ ஊற்றினார்கள். அதையும் சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார். கணக்குச் சொல்வது போலச் சொல்வார்.

இம்பாலுக்கு எந்த வழியாகப் போனார்கள்?

1944 மார்ச்சில் ஜப்பானின் 15ஆவது ராணுவம் முட்டாகுச்சி என்ற தளபதியின் கீழ் பர்மாவிலிருந்து சிந்துவின் ஆற்றைக் கடந்து இந்திய எல்லைக்குள் நுழைந்தது. மூன்று டிவிஷன்கள். கூடவே இந்திய தேசிய ராணுவத்தின் முதல் டிவிஷனிலிருந்து சுமார் 6,000 பேர். மூன்றே வாரத்தில் இம்பாலைப் பிடித்து, பிரிட்டிஷ் கிடங்குகளிலிருந்தே சோறு தின்றுகொள்ளலாம் என்பது கணக்கு. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறினார்கள். கோகிமாவில் ஏப்ரல் 4 முதல் கடும் போர். ஆனால் இம்பால் விழவில்லை. முற்றுகைக்குள் இருந்த பிரிட்டிஷ் படைக்கு விமானத்தில் சோறும் குண்டும் வந்து இறங்கின. முற்றுகையிட்டவர்களுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மே மாதம் மழை பிடித்தது. ஜூன் 22இல் கோகிமா-இம்பால் சாலையை பிரிட்டிஷ் படை திறந்துவிட்டது. ஜூலையில் ஜப்பான் பின்வாங்கியது. இந்திய தேசிய ராணுவத்தில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்தவர்களே அதிகம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இம்பால் முனைக்குப் போன முதல் டிவிஷனில் பெரும்பாலோர் பழைய பட்டாளத்துக்காரர்கள். தோட்டங்களிலிருந்து வந்த புதியவர்கள் பெரும்பாலும் அடுத்த டிவிஷன்களில் பயிற்சியில் இருந்தார்கள். அவர்களில் பலர் 1945இல் பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பா மலைப் பகுதியிலும், தோற்றுக்கொண்டிருந்த போரின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தப்பட்டார்கள். வெற்றி வரும் என்ற நம்பிக்கையில் போனவர்களுக்குக் கொடி ஏற்றும் வாய்ப்பு கிடைத்தது. எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது பின்வாங்கும் படைக்குக் காவல் நிற்கும் வேலை. மொய்ராங் கொடியை எங்கள் தாத்தா ஏற்றினார் என்று பொய் சொல்ல நாம் வரவில்லை. பெருமைக்காக வரலாற்றை வளைப்பதை மற்றவர்கள் செய்யட்டும்.

ஆனால் இம்பால் போருக்கு எங்கள் ஆட்களின் பங்கு வேறொரு வழியாகப் போனது. அதை யாரும் பேசுவதில்லை.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சோறும் ஆயுதமும் போக வேண்டும். கடல் வழியில் நேசநாட்டுக் கப்பல்களும் விமானங்களும் மறித்தன. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதுதான் சயாம் மரண ரயில். அதில் உழைத்தவர்கள் சுமார் 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, இரண்டு லட்சம் என்று மதிப்பிடப்படும் ஆசியக் கூலிகள். அந்தக் கூலிகளில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல பத்தாயிரம் பேர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் வராதபோது சாலையில் போனவர்களைப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

காலரா வந்தது. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய மருத்துவர்களாவது கூட இருந்தார்கள். யார் எங்கே புதைந்தார்கள் என்று ரகசியமாகவாவது எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மருத்துவரும் இல்லை, எழுதிவைக்க ஆளும் இல்லை. போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. 'இருக்கலாம்' என்ற இந்தச் சொல்லே எங்கள் ஆட்களின் கல்லறை.

இந்தியாவை விடுவிக்கப் போன படையின் உணவும் குண்டும், எங்கள் பாட்டியின் மூத்த அண்ணன் போன்றவர்கள் செத்து விழுந்த பாதையின் மேல்தான் போயின. இளையவரின் படை அந்த ரயிலில்தான் பர்மாவுக்குப் போனது. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிப்பதற்காகவே படையில் பெயர் கொடுத்தவர்களும் தோட்டங்களில் உண்டு. தேசபக்தியும் உயிர்ப்பயமும் ஒரே வரிசையில் நின்று பெயர் கொடுத்தன. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்தக் கூலிகளைக் காப்பாற்ற ஆசாத் ஹிந்த் அரசு ஜப்பானிடம் என்ன பேசியது, பேசும் வலிமை அதற்கு இருந்ததா என்ற கேள்வியை நேதாஜி மேல் நமக்குள்ள மரியாதை தடுக்கக் கூடாது.

அம்பேத்கர் எதிர்ப்பக்கமா?

"உங்கள் தலைவர் வெள்ளைக்காரன் அரசில் பதவியில் இருந்தார்" என்று நம்மிடம் கேலியாகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நேதாஜி படம் போட்ட சுவரொட்டிக்குக் கீழே நின்றுகொண்டுதான் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பதில் தெரியாமல் நிற்கிறார்கள்.

பதில் இருக்கிறது. ஹிட்லரும் ஜப்பானும் வென்றால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இன்னும் கொடிய அடிமைத்தனம் வரும் என்று அம்பேத்கர் நினைத்தார். அவருடைய கணிப்பு சரியா என்று எங்கள் பாட்டியின் மூத்த அண்ணனிடம் கேட்டிருக்கலாம். அவர் சயாம் காட்டில் இருக்கிறார். ஜப்பான் ஆசியர்களின் நண்பன் என்ற பேச்சு எவ்வளவு உண்மை என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர் அவர்.

1940 ஜூலையில் நேதாஜியும் அம்பேத்கரும் பம்பாயில் சந்தித்தார்கள். தீண்டத்தகாதார் பிரச்சினையில் உங்கள் நிலை என்ன என்று அம்பேத்கர் கேட்டார் என்றும், நிறைவான பதில் கிடைக்கவில்லை என்றும் தனஞ்சய் கீர் எழுதிய அம்பேத்கர் வரலாறு சொல்கிறது. மூன்று ஆண்டு கழித்து, சிங்கப்பூரில், ஒரே சமையற்கட்டின் வடிவில் ஒரு பகுதிப் பதிலாவது நேதாஜியிடமிருந்து வந்தது. படைக்குள் சாதியை மறுத்தால்தான் படை நிற்கும் என்று அவர் கண்டார். அந்தப் பதிலைப் படைமுகாமிலிருந்து ஊருக்குள் கொண்டுவர அவர் இல்லை. கொண்டுவர வேண்டியவர்கள் வரவில்லை.

அம்பேத்கர் கேட்டது, சுதந்திரம் வந்தால் அது யாருக்கு வரும் என்ற கேள்வி. மலேயாத் தாத்தாவின் கொட்டாங்கச்சி அந்தக் கேள்வி தவறில்லை என்று காட்டியது. அதனால் நாம் ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. இரண்டு ஏப்ரல் 14உம் நம்முடையவை.

போர் ஊருக்கு வந்தது

இம்பாலில் தோற்ற படையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் விசாரணைக் கூண்டில் நிறுத்தியபோது நாடே கொதித்தது. 1946 பிப்ரவரியில் கப்பற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். வெள்ளையன் தன் பட்டாளத்தை நம்ப முடியாத நிலை வந்தது. தோற்ற போர் வென்றது அப்படித்தான்.

ஆனால் டெல்டாவில் அது வேறு விதமாகவும் வந்தது. இம்பால் போருக்கு முந்தின ஆண்டு, 1943இல், மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயச் சங்கம் தொடங்கியது. சீனிவாசராவ் வந்தார். எங்கள் சேரிகளில் தங்கினார், எங்கள் வீட்டில் உண்டார். களப்பாள் குப்பு போன்ற தலித் தலைவர்கள் எழுந்தார்கள். அடித்தால் திருப்பி அடி என்ற சொல் வயலில் கேட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தது அந்தப் போராட்டத்தில்தான். போருக்குப் பிறகு மலேயாவிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் வாட்டாக்குடியில் பிறந்த வெங்கடாசலம் என்கிற இரணியன் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். தலித் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். பண்ணையாட்களுக்காகப் பண்ணைகளை எதிர்த்தார். 1950 மே 5 அன்று சுதந்திர இந்தியாவின் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. அதே பகுதியில் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, அவரும் அந்தப் படையில் இருந்தவர், மலேயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். 1949 மே 4இல் கோலாலம்பூரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இரணியன் மீது படம் எடுத்தார்கள், கணபதி மீது புத்தகம் எழுதினார்கள். நல்லது. அவர்களோடு சேர்ந்து கவாத்துப் பழகி, ஒரே சட்டியில் சோறு தின்று, திரும்பி வந்து பெயரில்லாமல் நாற்றங்காலில் இறங்கிய தலித்துகளைப் பற்றி யார் எழுதுவது?

தாள் எங்கே?

சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு 1972இல் ஓய்வூதியம் கொண்டுவந்தது. 1980இல் அதை விரிவாக்கியது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும் என்றது விதி. அந்தச் சலுகையை எழுதியவருக்கு நன்றி. ஆனால் ஆறு மாதமோ மூன்று மாதமோ, தாள் வேண்டும். சிறையின் சான்று, அல்லது கூட இருந்த வீரரின் சான்று.

தோட்டத்திலிருந்து படைக்குப் போனவர்களைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் பெரும்பாலும் தோட்டத்துக்கே அனுப்பிவிட்டார்கள். பால்வெட்ட ஆள் வேண்டுமல்லவா? மலேயாத் தாத்தாவை முள்வேலிக்குள் சில வாரம் வைத்திருந்து விரட்டிவிட்டார்களாம். ஓர் அலுவலகத்தில் அவரிடம் சான்று கேட்டார்கள். "துப்பாக்கி புடிச்ச கைக்கு யாருய்யா சீட்டுக் கொடுத்தா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். மறுபடி போகவில்லை. அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பீங்கான் குவளையும் பால்வெட்டும் உளியும் இருந்தன. அவை சான்று ஆகாது.

படித்தவன் வீட்டில் கடிதம் இருக்கும், நாட்குறிப்பு இருக்கும், புகைப்படம் இருக்கும். எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த சமூகத்திடம் போய் எழுத்துச் சான்று கேட்பது நியாயமான விதி போலத்தான் தோன்றும். அந்த விதியில் தீண்டாமை என்ற சொல் எங்கும் இராது. வேலையை மட்டும் அது சரியாகச் செய்துவிடும்.

இனி ஓய்வூதியம் வாங்க அவர்களில் யாரும் அநேகமாக உயிரோடு இல்லை. ஆகவே நாம் கேட்பது பணம் அல்ல.

வீரர்களுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும் நடுகல் எடுத்தார்கள். தொல்காப்பியம் அதற்கு முறை சொல்கிறது. முதல் படிக்குக் 'காட்சி' என்று பெயர். நடுவதற்கு ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. சயாம் ரயில் பாதையில் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், ஒழுங்கான வரிசை, வெட்டிய புல். அங்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு நடுகல் எழ 80 ஆண்டுகள் ஆயின. அயலகத் தமிழர்கள் முயன்று எழுப்பினார்கள். அவர்கள் கப்பல் ஏறிய நாகையில் அப்படி ஒரு கல் நம் கண்ணில் படவில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, நாகைத் துறைமுகத்தருகே ஒரு நடுகல். கப்பல் ஏறியவர்களுக்கும், அவர்களில் சயாமில் மாண்டவர்களுக்கும், நேதாஜியின் படையில் நின்றவர்களுக்கும் சேர்த்து. அரசு செய்ய வேண்டும். மாவட்ட நிர்வாகம் முன்மொழிய வேண்டும்.

இரண்டு, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் ஒரு வேலை. நம் பல்கலைக்கழகங்களில் தமிழும் வரலாறும் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒவ்வொரு சேரியிலும் எண்பது தாண்டிய ஒரு பாட்டியிடமாவது ஒரு சயாம் கதை இருக்கிறது. இன்னும் ஐந்து ஆண்டு போனால் அந்தப் பாட்டிகளும் இருக்க மாட்டார்கள்.

மூன்று, கொடி. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மொய்ராங்கில் கொடி ஏற்றி 78 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய கடிதம் அது. வரும் சுதந்திர தினத்தில் டெல்டாவின் எந்த ஊராட்சியிலாவது தலைவர் நாற்காலி இல்லாமல் ஓரமாக நிறுத்தப்பட்டால், கொடிக்கயிறு வேறு கைக்குப் போனால், அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். இந்தப் பத்தியில் எழுதுவோம்.

கல் அரசு நடட்டும். காட்சி நம் வேலை. வரும் ஏப்ரல் 14 கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை அம்பேத்கர் சிலைக்குக் கீழே வைப்போம். தெருவில் யார் வீட்டிலிருந்து யார் கப்பல் ஏறினார்கள், யார் படைக்குப் போனார்கள், யார் சயாமுக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்று எழுதச் சொல்வோம். பெயர் மறந்துபோயிருந்தால் 'இன்னார் அண்ணன்' என்றாவது எழுதுவோம். எங்கள் தெரு நோட்டில் முதல் இரண்டு வரியும் எங்கள் பாட்டியின் அண்ணன்மாருக்கு.